பசையில்லாமல் ஒட்டிய ராஜ்யம்

தோற்றுப்போன ஒரு டி.வி. தொடரில் பிறந்த ஜப்பானிய ரோபோ மாடல்கள் 70 கோடிக்கும் மேல் சந்தைக்குப் போயிருக்கின்றன. பொம்மைத் தொழிலில் பெரிதாக வளர நினைக்கும் இந்தியா அதிலிருந்து கற்க வேண்டியது நிறைய.

பெட்டியைத் திறந்தால் ரோபோவைக் காணோம். இருப்பதெல்லாம் வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் நிறங்களில் நாலைந்து பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும், கொடியில் பிஞ்சு தொங்குவதுபோல, கையும் காலும் முட்டியும் முகமூடியும் துண்டு துண்டாகத் தொங்குகின்றன. பசை ட்யூப் கிடையாது. பெயிண்ட் டப்பா கிடையாது. திருகாணி ஒன்றுகூடக் கிடையாது. துண்டுகளை வெட்டியெடுத்து, எண் பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்த வேண்டும். ‘டக்’கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டுவிட்டது. இரண்டு மூன்று மணி நேரத்தில் ஐந்து அங்குல உயரத்துக்கு ஒரு போர் ரோபோ மேஜைமேல் எழுந்து நிற்கிறது.

இதற்குப் பெயர் கன்ப்ளா. ‘கன்டம்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் பெயரையும் ‘பிளாஸ்டிக் மாடல்’ என்பதையும் வெட்டி ஒட்டிய சொல் இது. (ஜோசியர்கள் சொல்லும் கண்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் தொடருக்கே ஆரம்பத்தில் ஒரு கண்டம் இருந்தது என்பது வேறு கதை.) பெரிய கூட்டமே இதைக் கட்டுகிறது. இன்னொரு கூட்டம் கட்டியதோடு நிற்காமல், எந்தப் பெட்டி கொடுத்த காசுக்குத் தகும், எது தகாது என்று துண்டு துண்டாக அலசுகிறது. புதிய படம் வந்தால் விமர்சனம் வருவதுபோல, புதிய பெட்டி வந்தாலும் விமர்சனம் வருகிறது.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது உதியன்குளங்கரை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் தமிழகத்துக்கு வந்தன. தமிழர்கள் கேட்டும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி, டி.வி.யில் வேறொரு மொழி என்று இங்கே வளரும் குழந்தைகள் பலர். கன்ப்ளா பெட்டிக்குள் இருக்கும் விளக்கப் புத்தகத்தைப் படிக்க இந்த மூன்றும் தேவையில்லை. எழுத்துகள் ஜப்பானிய மொழியில் இருந்தாலும், வேலையைச் சொல்வது படமும் அம்புக்குறியும் எண்ணும்தான். ‘ஏ’ சட்டத்தின் 12ஆவது துண்டை ‘பி’ சட்டத்தின் 7ஆவது துண்டுக்குள் செருக வேண்டும் என்பது ஷிசுவோகாவிலும் ஒன்றுதான், உதியன்குளங்கரையிலும் ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பெட்டி அங்கிருந்து இங்கே வந்து சேருவது அவ்வளவு சுலபமில்லை.

கதை 1979 ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்குகிறது. யோஷியுகி டோமினோ இயக்கிய ‘மொபைல் சூட் கன்டம்’ அன்றுதான் ஜப்பானிய டி.வி.யில் முதன்முதலாக ஒளிபரப்பானது. அதுவரை வந்த ரோபோ கார்ட்டூன்களில் ரோபோ ஒரு மாயாவி. நல்லவன் ஏறி ஓட்டுவான், வாரம் ஒரு ராட்சசனை அடித்து வீழ்த்துவான். டோமினோவின் கதையில் ரோபோ வெறும் ராணுவ இயந்திரம். பீரங்கி வண்டியைப்போல அதற்கும் ரிப்பேர் வரும், குண்டு தீரும். எதிரி முகாமிலும் தாய், தந்தை உள்ள மனிதர்கள் இருந்தார்கள், சாகும்போது அழுதார்கள். குனியோ ஒகாவரா வடிவமைத்த இயந்திரங்களும் அதற்கேற்ப, யாரோ ஒரு பட்டறையில் செய்தவை போலவே இருந்தன.

குழந்தைகளுக்கு இது பிடிபடவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை மோசம். தொடருக்குப் பணம் போட்ட க்ளோவர் என்ற பொம்மைக் கம்பெனி சின்னக் குழந்தைகளுக்கான பொம்மைகளை விற்க நினைத்தது. கதையை ரசித்தவர்களோ பள்ளி மேல்வகுப்பிலும் கல்லூரியிலும் இருந்தார்கள். 52 வாரம் ஓட வேண்டிய தொடர் 43ஆவது வாரத்தோடு, 1980 ஜனவரியில் முடித்துக்கொள்ளப்பட்டது.

அத்தோடு அது மறந்துபோயிருக்க வேண்டும். மறுஒளிபரப்புகள் அதைக் காப்பாற்றின. நடுவே இன்னொரு கம்பெனி உள்ளே நுழைந்தது. பொம்மை உரிமை க்ளோவரிடம் இருந்தது; பிளாஸ்டிக் மாடல் உரிமையை யாரும் சீந்தவில்லை. அதை பண்டாய் வாங்கியது. 1980 ஜூலையில் முதல் பெட்டி கடைக்கு வந்தது. விலை 300 யென், பள்ளிக்கூடப் பையனின் கைக்காசுக்குள் அடங்கும் தொகை. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள ரோபோ, 144இல் ஒரு பங்காகச் சுருங்கி 12.5 சென்டிமீட்டராக நின்றது.

பண்டாய் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. கதாநாயகனின் ரோபோவோடு நிற்காமல் எதிரி முகாமின் ‘ஸாக்கு’ ரோபோக்களையும் மாடலாக்கியது. கதையில் எதிரிக்கு மரியாதை இருந்ததால் கடையிலும் எதிரிக்கு மரியாதை இருந்தது. 1981, 1982இல் தொடரைச் சுருக்கி மூன்று திரைப்படங்களாக வெளியிட்டபோது ஜுரம் உச்சத்துக்குப் போனது. சரக்கு வரும் நாளில் கடை வாசலில் கூட்டம் முண்டியடித்தது. 1982 ஜனவரியில் தோக்கியோவை அடுத்த சிபா மாநிலத்தில், ஒரு பெரிய கடையின் நகரும் படிக்கட்டில் மாடல் வாங்க ஓடிய சிறுவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பலர் காயமடைந்தார்கள். நஷ்டக் கணக்கில் மூடப்பட்ட ஒரு தொடருக்காக நடந்த தள்ளுமுள்ளு அது. அடுத்த ஆண்டு, 1983இல், க்ளோவர் திவாலானது.

அந்த முதல் மாடல்கள் இன்றுள்ளவை மாதிரி அல்ல. ஒரே நிறத்தில் இருந்தன. பசை வேண்டும், பெயிண்ட் வேண்டும், பொறுமையும் வேண்டும். கை, கால் மடங்குவது பேருக்குத்தான். ‘ஹாபி ஜப்பான்’ பத்திரிகை 1981இல் வெளியிட்ட சிறப்பிதழில், துண்டுகளை அறுத்து, நீட்டி, மூட்டு வைத்து, டி.வி.யில் பார்த்த தோரணையைக் கொண்டுவருவது எப்படி என்று ரசிகர்களே காட்டினார்கள். கம்பெனி விற்றதைவிட நல்ல மாடலை வாங்கியவர்கள் செய்தார்கள். கன்ப்ளா விமர்சனம் என்ற கலை பிறந்ததும் அங்கேதான். குறையைச் சொன்னவன் வாயால் மட்டும் சொல்லவில்லை, அரத்தால் திருத்தியும் காட்டினான்.

கம்பெனி அதைக் கவனித்தது. 1980களின் பிற்பகுதியில் பசையில்லாமல் பொருத்தும் முறை புகுந்தது. 1990இல் ‘ஹை கிரேட்’ என்ற வரிசை வந்தது. ஒரே சட்டத்தில் நான்கு நிறப் பிளாஸ்டிக்கை வார்க்கும் இயந்திரம் அதற்குக் கைகொடுத்தது. 1995இல், 100இல் ஒரு பங்கு அளவில், உள்ளே எலும்புக்கூடு போன்ற சட்டகத்தோடு ‘மாஸ்டர் கிரேட்’. 1998இல் ஓர் அடி உயரத்தில் ‘பெர்ஃபெக்ட் கிரேட்’. 2010இல், சிறிய அளவிலேயே பெரியதன் நுணுக்கங்களை அடக்கிய ‘ரியல் கிரேட்’. 2020இல், கையாலேயே பிய்த்துப் பொருத்தக்கூடிய ‘என்ட்ரி கிரேட்’. கடைசியாகச் சொன்னதன் விலை 700 யென். அதே ஆண்டில் வந்த உயர்ரகப் பெர்ஃபெக்ட் கிரேட் ஒன்றின் விலை 25,000 யென். ஒரே ரோபோதான், ஒன்று சைக்கிள் விலை, மற்றொன்று கார் விலை என்பதுபோல.

அந்த ‘டக்’ சத்தத்துக்குப் பின்னால் இருப்பது மந்திரமல்ல, அளவு. ஒரு துண்டில் முளை, மறுதுண்டில் துளை. முளை துளையைவிட மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். அழுத்தும்போது பாலிஸ்டைரின் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். பிறகு தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். முளை பெருத்தால் பிளாஸ்டிக் வெடிக்கும்; சிறுத்தால் கழன்று விழும். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும் என்பதால், எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு உருக்கு அச்சைக் கடைய வேண்டும். ஆயிரமாவது பெட்டியிலும் லட்சமாவது பெட்டியிலும் அதே ‘டக்’ கேட்க வேண்டும் என்றால், அச்சு செய்கிறவனின் கை மைக்ரான் கணக்கில் பேச வேண்டும்.

கட்டுகிறவனுக்கும் சில சூத்திரங்கள் உண்டு. துண்டைச் சட்டத்தோடு இணைக்கும் காம்பை ஒட்ட வெட்டக்கூடாது. முதல் வெட்டு தள்ளி, இரண்டாவது வெட்டு நெருக்கி. அவசரப்பட்டு ஒரே வெட்டில் முடித்தால் பிளாஸ்டிக் வெளுத்து, தழும்பு மாதிரி நின்றுவிடும். மிஞ்சும் சிறு முளையைக் கூர்மையான கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதலில் கரடுமுரடான தாள், பிறகு நைசான தாள். கவசத் தகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளக் கோடுகளில் மெல்லிய மையை ஓடவிட்டால் வெறும் பொம்மை இயந்திரமாகிறது. கடைசியாக மங்கலான வார்னிஷ் ஒரு பூச்சு. பிளாஸ்டிக்கின் பளபளப்பு போய் இரும்பின் கனம் வந்துவிடுகிறது. தச்சுப் பட்டறையிலோ பாத்திரக் கடையிலோ வேலை பழகியவனுக்கு இதில் எதுவும் புதிதல்ல.

விமர்சகர்கள் பார்ப்பதும் இதையெல்லாம்தான். நிறம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறதா, ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கிறார்களா? இரண்டு பாதிகள் சேரும் கோடு கண்ணில் படும் இடத்தில் ஓடுகிறதா, கவச விளிம்புக்குள் ஒளிந்திருக்கிறதா? முழங்கால் முழுசாக மடங்குகிறதா? துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடிக்க முடிகிறதா? முதுகுச் சுமை கனத்து மல்லாக்க விழுகிறதா? சட்டத்திலேயே மூட்டோடு வார்க்கப்பட்டு, வெட்டியெடுத்ததுமே மடங்கும் எலும்புக்கூடு முதல் ரியல் கிரேட் மாடல்களின் பெருமை. நாளாக ஆக மூட்டு தளர்கிறது, தொட்டால் குட்டித் துண்டுகள் உதிர்கின்றன என்பதும் அதே மாடல்களைப் பற்றிய பழைய புகார். 700 யென் மாடலோ, ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லாமல் சரியான நிறங்களோடு நின்று, அதைவிட விலை கூடிய பெட்டிகளை வெட்கப்பட வைக்கிறது. விலை கூடினால் தரம் கூடும் என்ற கணக்கு இங்கே எப்போதும் செல்லாது. விமர்சனத்துக்கு மதிப்பு வருவதும் அதனால்தான்.

இத்தனையும் ஒரு நகரத்தை மையமாக வைத்துச் சுழல்கிறது. தோக்கியோவுக்கு மேற்கே உள்ள ஷிசுவோகா. தமியா, அவோஷிமா என்று ஜப்பானின் பெரிய மாடல் கம்பெனிகள் பலவற்றின் ஊர் அது. 1959 முதல் அங்கே மாடல் கண்காட்சி நடக்கிறது. 1969இல் நொடித்துப்போன இமாய் என்ற கம்பெனியின் தொழிற்சாலையையும் அச்சுகளையும் வாங்கித்தான் பண்டாய் இந்தத் தொழிலில் காலூன்றியது. 2006 முதல் கன்ப்ளா தயாராவதும் அந்த நகரிலுள்ள அதன் ஹாபி சென்டரில்தான்.

ஏன் ஷிசுவோகா? அந்த வட்டாரத்தில் மரம் அதிகம். தோக்குகவா ஷோகுன்கள் காலத்தில் செங்கென் ஆலயத் திருப்பணிக்காகத் தச்சர்களும் அரக்குப் பூச்சு வேலைக்காரர்களும் வந்து குவிந்தார்கள். திருப்பணி முடிந்தும் பலர் ஊர் திரும்பவில்லை. அவர்களுடைய கைத்திறன் மரச் சாமானாகவும், பிறகு மரத்தால் செய்த விமான, கப்பல் மாடல்களாகவும் மாறியது. 1946இல் மரக் கம்பெனியாகத் தொடங்கியதுதான் தமியா. பிளாஸ்டிக் வந்து மர மாடல்களை விழுங்கியபோது ஊர் ஒப்பாரி வைக்கவில்லை. உளியை வைத்துவிட்டு அச்சுக்குப் போனது. பொருள் மாறியது, கை மாறவில்லை.

உதியன்குளங்கரைக்காரர்களுக்கு இந்தக் கதை பழகிய கதை. வடக்கே, நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் பாலராமபுரம். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் நெசவாளர்கள், அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்ய வந்து, அங்கேயே தங்கித் தெரு தெருவாகத் தறி போட்டார்கள். பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ராஜா அழைத்துவந்த கைவேலைக்காரர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அங்கே அந்தத் திறன் வேறு பொருளுக்குத் தாவி உலகச் சந்தையைப் பிடித்தது. இங்கே அது பழைய பொருளோடு நின்று விசைத்தறியோடு மல்லுக்கு நிற்கிறது.

பொம்மையிலும் நிலைமை அதுவே. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை யோசித்துப் பாருங்கள். தலை, உடல், பாவாடை என்று தனித்தனித் துண்டுகள். ஒன்றின் முனைமேல் ஒன்று, பசையில்லாமல், ஆடும்படி நிற்கிறது. தத்துவத்தில் அது கன்ப்ளாவின் ஒன்றுவிட்ட அண்ணன். ஆனால் அதை வீட்டில் குழந்தையே கட்டும்படி பெட்டியில் போட்டு விற்கவோ, ஆண்டுக்கு ஒரு புது ரகம் கொண்டுவரவோ எந்த முதலாளியும் முன்வரவில்லை. சன்னபட்டணத்து மரப் பொம்மையும் கொண்டபல்லிப் பொம்மையும் கண்காட்சி மேஜையில் பெருமையோடு உட்கார்ந்திருக்கின்றன. பையன்கள் கையில் இருப்பது வேறு.

அரசு சும்மா இருக்கவில்லை. 2019இல் இந்தியத் தரக் கவுன்சில் இறக்குமதிப் பொம்மைகளைச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. 2020 பட்ஜெட்டில் பொம்மைகள் மீதான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டுத் தொழிற்சாலையாக இருந்தாலும் உரிமம் வாங்கியாக வேண்டும். பலன் தெரிந்தது. 2018-19இல் 37 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி, 2021-22இல் 11 கோடி டாலராகச் சரிந்தது.

ஈயமும் நச்சு ரசாயனமும் கலந்த மலிவுச் சரக்கைத் தடுத்ததில் தப்பில்லை; குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள். ஆனால் அதே வலையில் கன்ப்ளா போன்றவையும் மாட்டிக்கொள்கின்றன. சில பெட்டிகளில் 8 வயதுக்கு மேல் என்றும், சிலவற்றில் 15 வயதுக்கு மேல் என்றும் போட்டிருக்கிறது. ஒன்று சட்டப்படி பொம்மை, மற்றொன்று பெரியவர்களின் பொழுதுபோக்கு. உள்ளே இருப்பது என்னவோ ஒரே பிளாஸ்டிக்தான். உதியன்குளங்கரையைப்போலவே கன்ப்ளாவும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. வரியும் தபால் செலவும் ஏறியபின் 700 யென் மாடல், ஜப்பானியப் பையனின் கைக்காசு என்ற தகுதியை இழந்துவிடுகிறது. இங்கே அது அப்பாவிடம் மனுப் போட்டு வாங்க வேண்டிய பொருள்.

இந்த இடைவெளியில் போலிகள் நுழைகின்றன. சீனாவில் அச்சை நகலெடுத்துச் செய்யும் மாடல்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. பெட்டிப் படம் அச்சு அசலாக இருக்கும். வித்தியாசம் தெரிவது அழுத்தும்போதுதான். ஒரு முளை நுழையாது, இன்னொன்று நிற்காது. ‘டக்’ கேட்க வேண்டிய இடத்தில் ‘படக்’ கேட்கும். முதல் மாடலே போலியாக அமைந்தால், தன் கைக்கு வேலை வராது என்று முடிவு கட்டி ஒதுங்கிவிடுகிறான் பையன். பணநஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம் அது.

இறக்குமதியைத் தடுத்த கையோடு அந்த இடத்தை நிரப்ப இங்கே என்ன செய்தோம் என்பதே கேள்வி. ஆட்கள் இல்லை என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் தொழில்நுட்பமும் அச்சு வடிவமைப்பும் சொல்லிக்கொடுக்க, சென்னை கிண்டியைத் தலைமையகமாகக் கொண்ட சிப்பெட் 1968 முதல் இருக்கிறது. கதை சொல்லவும் ஆள் உண்டு. உதியன்குளங்கரையிலிருந்து வடக்கே போனால் வரும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 1999இல் தொடங்கிய டூன்ஸ் நிறுவனம், நம் தெனாலிராமனைக் கார்ட்டூன் நாயகனாக்கியது. அச்சு செய்கிறவனும் கதை செய்கிறவனும் ஒரே மேஜையில் உட்காரவில்லை, அதுதான் குறை. கன்ப்ளாவின் ரகசியமே அந்த மேஜை. கதை மாடலை விற்றது. மாடல் விற்ற பணம் அடுத்த கதையை எடுத்தது. 45 ஆண்டுகளாக அந்தச் சக்கரம் நிற்கவில்லை. யோகோஹாமாவில் 2020 முதல் 2024 வரை, நிஜமாகவே 18 மீட்டர் உயரத்தில் ஒரு கன்டம் கையையும் காலையும் அசைத்துக்கொண்டு நின்றதை ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

குறையே இல்லாத தொழில் அல்ல இது. மாடலைக் கட்டி முடித்தபின் கையில் மிஞ்சும் வெறும் சட்டங்கள் அத்தனையும் குப்பை. 70 கோடி பெட்டிக்கு எவ்வளவு குப்பை என்று நினைத்தாலே தலை சுற்றும். பண்டாய் நாம்கோ குழுமம் 2021 முதல் தன் விளையாட்டுக் கூடங்களில் பெட்டி வைத்து அந்தச் சட்டங்களைத் திரும்ப வாங்கி, உருக்கிப் புது மாடல் செய்கிறது. பல நிறம் கலந்து உருகுவதால் அந்த மாடல்கள் கறுப்பாக வருகின்றன. அதையும் விரும்பி வாங்க ஆள் இருக்கிறது.

பசை தேவையில்லாத மாடல் என்பது சோம்பேறிகளுக்கான வசதி என்று ஆரம்பத்தில் கேலி செய்தவர்கள் உண்டு. நடந்தது வேறு. பசை போனதும் தப்பைத் திருத்தும் வாய்ப்பு வந்தது. ஒட்டியதைப் பிரிக்க முடியாது. அழுத்தியதைப் பக்குவமாகக் கழற்றி மறுபடி பொருத்தலாம். இடது கையை வலப்பக்கம் மாட்டிய பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு, நகத்தால் நெம்பி, புத்தகத்தைத் திரும்பப் பார்க்கிறான். யாரும் திட்டவில்லை, மதிப்பெண் போகவில்லை. வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. ஷிசுவோகாவின் பிள்ளைகளுக்கு அதன் கட்டணம் 700 யென். எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு என்ன கட்டணம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் டெல்லியிலும் தொழிற்பேட்டைகளிலும் இருக்கிறார்கள்.